அக்கா வைத்த சட்டம்

எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. பேச்செல்லாம் நின்றபடி, குனிந்தபடி, எதையாவது அளந்தபடிதான் நடக்கும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அப்பாவின் மளிகைக் கடை. ஊர்க்காரர்கள் யாரும் அந்த முழுப் பெயரைச் சொல்ல மாட்டோம், திருப்பாப்புலியூர்தான். முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டையும் சேர்க்கும் குறுகலான ஒரு நடை. அந்த நடையில் எந்நேரமும் யாராவது மூட்டையோடோ முறத்தோடோ போய்க்கொண்டிருப்பார்கள். எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும்.

விடியுமுன் அப்பா முதுநகர் மண்டிக்குக் கிளம்பிவிடுவார். ஆறு மணிக்குள் திரும்பி வந்து கடையின் பலகைக் கதவுகளை எண் வரிசைப்படி கழற்றி வைப்பார். இரவு பத்து மணிக்கு அதே பலகைகளை மாட்டும்வரை கல்லாவை விட்டு நகர மாட்டார். அம்மாவுக்குப் பின்கட்டில் வேலை. உளுந்தில் கல் பொறுக்குவது, புளியில் கொட்டை எடுப்பது, மிளகாயும் மல்லியும் காயவைப்பது, கடைப் பையன்களுக்கும் எங்களுக்கும் உலை வைப்பது. தீபாவளி மாதத்திலும் பொங்கல் மாதத்திலும் அம்மாவின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் மட்டும்தான் நாங்கள் பார்த்திருப்போம். ஐந்து பிள்ளைகளை அப்புறம் யார்தான் வளர்த்தது என்று எங்களில் எவரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். பெரியக்கா.

பெரியக்கா, பெரியண்ணன், சின்னக்கா, நான், தம்பி. இதுதான் வரிசை. தம்பி பிறந்தபோது அக்காவுக்குப் பதினொரு வயது. இடுப்பில் பிள்ளை இல்லாத அக்காவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு கையில் பாடப் புத்தகம், இடுப்பில் தம்பி, கொல்லைக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடந்துதான் மனப்பாடம் செய்வாள். காலையில் எல்லார் தலையையும் வாரிவிடுவது அவள் வேலை. சனிக்கிழமை ஆண் பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல். எங்கள் மூன்று பேர் தலையிலும் நல்லெண்ணெயை வைத்துத் தட்டி, சீயக்காய் போட்டு அலசி, கண் எரிகிறது என்று கத்துகிறவன் முகத்தில் ஒரு சொம்பு தண்ணீரை வீசுவாள். அவளுடைய வெள்ளிக்கிழமைக்குத்தான் ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை பாடலீசுவரர் கோயிலுக்குப் போகிற கூட்டம் கற்பூரத்துக்கும் வெல்லத்துக்கும் கடையில் நெரியும். ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு அக்காவும் பொட்டலம் கட்ட வந்து நிற்பாள்.

பொட்டலம் எங்கள் ஐந்து பேருக்கும் பொதுவான வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆளுக்கொரு கட்டுப் பழைய பேப்பர் காத்திருக்கும். தாளைக் கால் பங்காகக் கிழித்து, இடது கை விரல்களைச் சுற்றிக் கூம்பாக உருட்டி, அடி நுனியை மடித்து மேலே செருக வேண்டும். அந்த நுனி தளர்ந்தால் வாங்கியவர் வீடு போய்ச் சேர்வதற்குள் கடுகெல்லாம் தெருவில் சிந்திவிடும். சரக்கைக் கொட்டியபின் வாய்ப் பக்கத்தை உள்ளே மடக்கி, உத்தரத்தில் தொங்கும் நூற்கண்டிலிருந்து நூலை இழுத்து, நெட்டுக்கு ஒன்று குறுக்குக்கு ஒன்று என்று சுற்றி, ஆள்காட்டி விரலில் சுண்டினால் நூல் அறுந்து கையோடு வரும். பெரியண்ணன் சுண்டுகிற சத்தம் கடை இரைச்சலுக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும். தம்பிக்கு அந்தச் சுண்டு கடைசிவரை வரவில்லை. பல்லால் கடித்துத்தான் அறுப்பான்.

பேப்பர்க் கட்டுகளுக்குள் வாரப் பத்திரிகைகளும் கலந்து வரும். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் அக்கா உருவி எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் சேர்த்து வைப்பாள். ஒரு வாரத்துப் பக்கம் இருக்கும், அடுத்த வாரத்தது யார் வீட்டுக்கோ கடலைப் பருப்போடு போயிருக்கும். இரவில் பாய் விரித்தபின் கதை சொல்லும்போது அந்த விடுபட்ட வாரத்தை அவளே இட்டுக்கட்டிச் சொல்வாள். பின்னாளில் அந்தக் கதைகளில் சிலதைப் புத்தகமாக வாசித்தேன். அக்கா சொன்னதுதான் நன்றாக இருந்தது என்று இன்றும் சொல்வேன். பெரியண்ணனுக்கு ஜெயகாந்தன் மட்டும்தான். 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், நம் ஊர்க்காரர் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. ஜெயகாந்தன் கதை அச்சான தாளில் கை வைத்தால் அடி விழும்.

ஐந்து பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் எந்தப் பண்டமும் ஐந்தாக வருவதில்லை. பண்ருட்டியிலிருந்து வரும் பலாப்பழத்தில் சுளைகள் சிறிதும் பெரிதுமாக இருக்கும். அப்பா மண்டியிலிருந்து கொண்டுவரும் அச்சு வெல்லத்தில் ஒன்று உடைந்திருக்கும். தின்பதற்காக நாங்கள் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது, சின்னக்காவின் நகக் கீறல் இன்னும் என் முழங்கையில் இருக்கிறது. இதற்கு அக்கா ஒரு சட்டம் வைத்தாள். "பிரிக்கிறவங்க கடைசியாத்தான் எடுக்கணும்." இந்தச் சட்டம் வந்தபிறகு பெரியண்ணன் பிரிக்கும் முறை வந்தால் வெல்லத்தைக் கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பிரிப்பான். அவ்வளவு துல்லியம். ஆனால் பத்துக்கு ஒன்பது தடவை பிரித்தது அக்காதான். கடைசியாக எடுத்ததும் அவள்தான். அப்போது எங்களுக்கு அதில் கேள்வி எதுவும் எழவில்லை.

கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்குப் பொங்கல் காணும் பொங்கலோடு முடிவதில்லை. தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழா இருக்கிறது. சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்காகப் பெண்ணையாற்று மணலுக்கு வந்து சேரும். ஆற்றுக்குள்ளேயே கடைகள் முளைத்துவிடும். வளையல், பலூன், ராட்டினம், பொரி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுருளிக்கிழங்கு. அதை வாங்காமல் திரும்பினால் திருவிழாவுக்குப் போனதாகவே கணக்கில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அன்றும் கடை. எங்கள் நாலு பேரையும் மேய்த்துக்கொண்டு போவது அக்காவின் பொறுப்பு, ஆளுக்கு நாலணா.

ஒரு வருஷம் சாமி பார்க்கும் நெரிசலில் தம்பியின் கை நழுவிவிட்டது. அக்கா கத்தவில்லை. என்னையும் சின்னக்காவையும் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, பெரியண்ணனை ராட்டினத்துப் பக்கம் அனுப்பினாள். அவள் மட்டும் நேராகத் தண்ணீரைப் பார்த்து ஓடினாள். பாவாடை முழங்கால்வரை நனைந்து அவள் திரும்பி வரும்போது பெரியண்ணன் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். பலூன்காரன் பக்கத்தில் நின்றானாம். அக்கா அவனை அடிப்பாள் என்று நினைத்தோம். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து பாவாடையைப் பிழிந்துகொண்டு, "வீட்ல யாரும் மூச்சு விடக் கூடாது" என்றாள். யாரும் விடவில்லை. அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தார்கள். முதலில் தண்ணீருக்கு ஓட வேண்டும் என்று ஒரு சிறுமிக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? பிள்ளை வளர்த்த கைதான் அப்படி யோசிக்கும்.

எங்கள் ஊரின் கதையும் ஓர் அக்காவின் கதைதான். சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, கல்லே தெப்பமாக மிதந்து அவர் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர் என்பது மரபு. வண்டிப்பாளையத்துக்குப் பக்கத்தில் அந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். சித்திரையில் அந்த விழாவைக் கொண்டாடுவார்கள், நாங்களும் ஓடிப்போய்ப் பார்ப்போம். எல்லாரும் கல் மிதந்ததைத்தான் வியந்து பேசுவார்கள். எங்கள் அக்காவுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அவளுக்குத் திருநாவுக்கரசரின் அக்கா திலகவதியாரைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் திலகவதியாரும், பின்னாளில் திருநாவுக்கரசர் என்றும் அப்பர் என்றும் அழைக்கப்பட்ட மருள்நீக்கியாரும். தந்தை இறந்தார், தாயும் உடன் போனார். திலகவதியாருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டுபோனார். உயிரை விடத் துணிந்த அக்காவின் காலில் விழுந்து தம்பி அழ, அவனுக்காகத் திலகவதியார் உயிரை வைத்துக்கொண்டார். வளர்ந்த தம்பியோ சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பெயர் பெற்று எங்கோ உயரத்துக்குப் போய்விட்டார். சூலை நோய் வந்து எந்த வைத்தியமும் பலிக்காமல் போனபோதுதான் அவருக்கு அக்காவின் நினைவு வந்தது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அந்தச் சமண மடத்துக்குத் தான் வர முடியாது என்று சொல்லிவிட்டார் திலகவதியார். இரவோடு இரவாகத் தம்பியே அக்கா இருந்த திருவதிகைக்கு வந்து அவர் காலில் விழுந்தார். ஏன் போனாய், எதற்கு வந்தாய் என்ற ஒரு வார்த்தை இல்லை. திருநீறு கொடுத்து, விடியுமுன் தான் கோயில் கூட்டப் போகிறபோது தம்பியையும் உள்ளே அழைத்துக்கொண்டு போனார். அங்கே பிறந்ததுதான் அப்பர் தேவாரத்தின் முதல் பதிகம்.

"அந்தம்மா தம்பியை விட்டுட்டு எங்க போவாங்க?" என்பாள் அக்கா, தனக்குத் தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

அம்மாவின் பிறந்த வீடு சிதம்பரம். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆயா இருந்தாள். பரீட்சை லீவுக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் எங்களைச் சிதம்பரத்துக்கு ரயிலேற்றிவிடுவார்கள், தலைவி வழக்கம்போல அக்கா. கரி என்ஜின் இழுக்கும் மீட்டர் கேஜ் பாசஞ்சர். ஜன்னல் சீட்டை ஸ்டேஷன் வாரியாகப் பிரித்திருந்தாள். முதுநகர்வரை தம்பி, ஆலப்பாக்கம்வரை நான், புதுச்சத்திரம்வரை சின்னக்கா, பரங்கிப்பேட்டைவரை பெரியண்ணன். பிரித்தவள் கடைசி என்பதால் பரங்கிப்பேட்டையிலிருந்து அவள். வெள்ளாற்றுப் பாலம் பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவில்தான் வருகிறது என்பது எங்களுக்கு இரண்டு மூன்று பயணத்துக்குப் பிறகுதான் உறைத்தது. அகண்ட தண்ணீர், கீழே படகுகள், ரயில் சத்தமே மாறிப்போகும் அந்தப் பாலம். நாங்கள் சண்டை பிடித்தோம். அக்கா முறையை மாற்றவில்லை. அவளுக்காக அவள் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்ட ஒரே பொருள் அந்தப் பாலம்தான் என்று நினைக்கிறேன். அப்போதும் தம்பி அவள் மடியில் இருப்பான். 2010இல் அந்தப் பாதை அகல ரயில் பாதையாகிவிட்டது. இப்போது எக்ஸ்பிரஸ் வண்டிகள் வெள்ளாற்றைச் சட்டென்று தாண்டிவிடுகின்றன.

சிதம்பரத்துக்கு மார்கழி வந்தால் நான்கு வீதிகளும் வேறாகிவிடும். விநாயகர், முருகன், நடராசர், சிவகாமியம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள். மூலவரே வீதிக்கு வருகிற ஊர் இது. மற்ற ஊர்களில் உற்சவருக்குத்தான் தேர், இங்கே சிற்சபையில் இருக்கும் நடராசரே இறங்கி வந்து தேரேறுகிறார். வாசலெல்லாம் கோலம். தேர் பார்க்கக் கிளம்புமுன் அக்கா தன் தாவணி முந்தானையைத் தம்பியின் அரைஞாணில் முடிச்சுப் போடுவாள். பெண்ணையாற்று மணலில் கற்ற பாடம். ஆயா ஏன் என்று கேட்டால் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம்.

கோபுர வாசல்களில் நாட்டியக் கரணங்கள் செதுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்துத் தம்பி ஒற்றைக் காலில் நின்று காட்ட, சின்னக்கா அவனைத் தள்ளிவிட, ஒரே ரகளை. பிறகு ஆயிரங்கால் மண்டபத்து நிழல். சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றியது இங்கேதான் என்று ஆயா காட்டுவாள். எங்கள் பக்கத்து அக்கா திலகவதியாரின் கதை ஊரறிய முதன்முதலில் ஒலித்த இடம். அந்தத் தம்பி பாடிய பதிகங்களும் இதே கோயிலின் ஓர் அறையில்தான் பூட்டிக் கிடந்தன, ராஜராஜ சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி அவற்றை மீட்டார் என்கிறது மரபு. கடலூரில் பிறந்த கதை சிதம்பரத்துக்கு வந்துதான் கரையேறியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கதையும் அப்படித்தான் ஆனது.

ஆயா வீட்டுக் கொத்சுவைச் சொல்லாமல் விட முடியாது. கத்திரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து மசிப்பாள். தாளித்த நல்லெண்ணெயில் புளிக் கரைசலை விட்டுக் கொதிக்கவைத்து, மசித்ததைச் சேர்த்து, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்த பொடியைக் கடைசியில் தூவிக் கிளறுவாள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும், அதுவரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துப் போட்ட சம்பா சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொண்டால் வேறெதுவும் வேண்டாம். நாங்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருப்போம், அக்கா ஆயாவின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பி.யூ.சி. முடித்த கையோடு அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிதம்பரம். மேலே படிக்க வேண்டும் என்று அவள் அம்மாவிடம் சொன்னது எனக்குத் தெரியும், நடையில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தேன். அடுத்தவள் ஒருத்தி இருக்கிறாளே என்றாள் அம்மா. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓயாமல் உழைத்தவள் அவள். ஆனால் ஒரு பெண்ணின் படிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுபோனது என்பதையும் சொல்லாமல் இருக்க மாட்டேன். இப்படி நின்றுபோன படிப்புகளின் மேல்தான் எங்கள் தலைமுறையில் எத்தனையோ தம்பிகள் பட்டம் வாங்கினார்கள்.

அக்கா போனபின் வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. சீப்பு எங்கே, தம்பியின் சிலேட்டு எங்கே, கிணற்றுக் கயிறு ஏன் மாற்றவில்லை. சின்னக்கா அந்த இடத்துக்கு வந்தாள், ஆனால் அவள் தலை வாரினால் வலிக்கும். தம்பி கொஞ்ச நாள் யாரிடமும் ஒட்டாமல் திரிந்தான். கல்யாணமான வருஷம் தலைப்பொங்கல் சீர் கொண்டுபோனது பெரியண்ணனும் நானும். கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் பஸ் மேல், வெண்கலப் பானையும் அரிசியும் வெல்லமும் மடியில். பி.முட்லூர் தாண்டியதும் பெரியண்ணன் சட்டையை நீவிக்கொண்டான், தலையைக் கையால் படிய வைத்துக்கொண்டான். அக்கா வாசலில் சீரைக்கூடப் பார்க்கவில்லை. "தம்பியை ஏன்டா கூட்டிட்டு வரல?" என்றுதான் கேட்டாள்.

பெரியண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தபோது அவன் படிப்பை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தான். எங்கள் மூவரின் பள்ளிக்கூடச் சம்பளமும் அவன் கையிலிருந்துதான். மார்க் குறைந்தால் அன்று வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. அவன்மேல் எனக்கு வெகுகாலம் பயம்தான் இருந்தது. வள்ளலாரின் வரலாற்றை வாசித்தபோது அவனை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். 1823இல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் ராமலிங்கம். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை போய்விட்டார். மூத்த அண்ணன் சபாபதிதான் சென்னையில் புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். படிக்காமல் கோயில் கோயிலாகத் திரிந்த தம்பியை அவர் கண்டித்ததும், வீட்டில் சோறு கிடையாது என்று சொன்னதும், அண்ணி மறைவாகச் சோறு போட்டதும் ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. கதை சொல்கிறவர்கள் அண்ணனின் கோபத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சின்ன வயதில் ஒரு குடும்பம் முழுக்கத் தலையில் விழுந்தவர் அவர். தம்பியைத் திட்டிய அந்த வாய்தான் புராணம் பேசி அத்தனை பேருக்கும் சோறு கொண்டுவந்தது. 1867இல் வடலூரில் பசித்தவர்க்கெல்லாம் அடுப்பேற்றிய வள்ளலாரை, தட்டோடு காத்திருந்து சோறு போட்ட ஓர் அண்ணியும் உழைத்துத் தேய்ந்த ஓர் அண்ணனும் வளர்த்தார்கள்.

நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஹாஸ்டல் பேச்சையே அக்கா எடுக்கவிடவில்லை. "என் வீடு எதுக்கு இருக்குது?" மூன்று வருஷம் அவள் கையால் மறுபடியும் சாப்பிட்டேன். அவளுக்கு அப்போது இரண்டு சின்னக் குழந்தைகள், வயதான மாமியார், விடிந்தால் அடைந்தால் வேலை. ராத்திரி பாத்திரம் கழுவிய ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் புத்தகங்களைப் புரட்டுவாள். 1979இல் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வி தொடங்கியது. விண்ணப்பம் வாங்கி வா என்று சொன்னபோது யாருக்கு என்று நான் கேட்டேன். பதில் சொல்லாமல் சில்லறையை எண்ணிக் கையில் வைத்தாள். பி.ஏ. தமிழ். பிள்ளைகள் தூங்கியபின் கூடத்தில் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு படித்தாள். பெரிய புராணம் பாடமாக வந்தது. ஒருநாள் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்: "தம்பி திரும்பி வந்தாரு, பாடினாரு, ஊர் ஊராப் போனாரு. சரி. அறுபத்து மூணு பேர்ல அக்காவைக் காணோமேடா?"

உண்மைதான். நாயன்மார் அறுபத்து மூவரில் திலகவதியார் இல்லை. காரைக்காலம்மையாரும் மங்கையர்க்கரசியாரும் இசைஞானியாரும் இருக்கிறார்கள். திருவதிகைக் கோயிலில் திலகவதியாருக்குச் சன்னதி உண்டு, ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் கிடையாது. அக்கா தேர்விலும் இதை எழுதிவிட்டு வந்தேன் என்றாள். முதல் தடவையிலேயே தேறினாள்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூரைப் பிரித்துப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்த மரங்களை நம்பியிருந்த குடும்பங்கள் எழுந்திருக்க வருஷக்கணக்கானது. எங்கள் கடை வீட்டின் ஓடுகள் பறந்து, நடைக்குள் மழை இறங்கி, அடுக்கியிருந்த சரக்கெல்லாம் நனைந்தது. பல நாள் மின்சாரம் இல்லை. பாதை சரியான உடனே அக்கா சிதம்பரத்திலிருந்து தூக்குகளில் சாப்பாட்டோடு வந்து இறங்கிவிட்டாள். பேசாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு பெரியண்ணனோடு சேர்ந்து ஈரப் பருப்பைக் கொல்லையில் பரப்பினாள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் பொட்டலம் கட்டிய காலத்து வேகத்தில் வேலை செய்ததாகத் தம்பி சொன்னான்.

பெரியண்ணனின் பிள்ளைகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டார்கள். ஓடு மாற்றிக் கடையை மறுபடி நிமிர்த்த அவனுக்குத் தெம்பு இல்லை. விற்றுவிடலாம் என்று முடிவானது. அது தாத்தா காலத்து வீடு. இந்த மாதிரி நேரத்தில்தான் நம் வீடுகளில் அக்கா தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். கல்யாணத்தில் செய்ததெல்லாம் செய்தாயிற்றே என்பார்கள். பெண்களும் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் பூர்விகச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு என்றது, ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்த வேலியும் போனது. சட்டம் தெரிந்த உறவினர் ஒருவர், பெரியக்கா ஒன்றும் கேட்க மாட்டாள் என்று எங்களிடம் சொன்னார்.

அக்கா கேட்டாள். ஐந்து பேரும் கூடியிருந்த அன்று, "எனக்குப் பங்கு வேணும்" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எனக்கு மனது நிறைந்துபோனது. எங்கள் எல்லாருக்கும் பின்னால் கடைசி ஆளாகவே எடுத்துப் பழகிய கை அது.

பெரியண்ணன் தாளை இழுத்து வைத்துக்கொண்டு ஐந்தாகப் பிரித்து எழுதினான். சமமாக, ஒரு ரூபாய் பிசகாமல், அந்தக் காலத்து வெல்லத் தராசு மாதிரியே. எழுதி முடித்துவிட்டு, "பிரிச்சது நான், கடைசியா எடுக்கிறதும் நான்தான். அக்கா, நீ முதல்ல எடு" என்றான். சின்னக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பணத்தில் அக்கா சிதம்பரம் வீட்டுக்கு மாடி எடுத்தாள். அறை அறையாகத் தடுக்காமல் ஒரே கூடமாகப் போடச் சொன்னதில் கொத்தனாருக்கு அவ்வளவு வருத்தம். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளைகள். எங்கள் வீட்டுக் கணக்கும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. எனக்கு ஒரே பெண், தம்பிக்கு ஒரே பையன். அண்ணன், அக்கா என்று கூப்பிட அவர்களுக்குப் பெரியப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும்தான். அவர்களெல்லாம் வருஷத்தில் ஒரு தடவையாவது ஒரே கூரையின் கீழ் படுத்து எழுந்திருக்க வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். போன மார்கழியில் என் பெண் தம்பி மகனின் தலையில் எண்ணெய் தேய்த்து, அவன் கத்த, முகத்தில் தண்ணீர் வீசினாள். அவளுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்த வருஷத் தேருக்குச் சின்னக்கா நெய்வேலியிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வருகிறாள். தம்பி சிங்கப்பூரிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டான். பெரியண்ணனுக்கு மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்காது, அவனுக்குக் கீழே கட்டில். கத்திரிக்காயும் சம்பா அரிசியும் அக்கா பொறுப்பு. பாய் போதாது, ஆளுக்கொன்று கொண்டுவந்துவிடுங்கள் என்று நேற்று ராத்திரி எல்லாருக்கும் போன் செய்து சொல்லிவிட்டாள்.